யாருடைய ‘வீடு’?

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) தமிழ் சினிமாவின் யதார்த்தச் சாதனை என்று இன்றும் பேசப்படுகிறது. குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய சுதாவுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் வேறு வீடு கிடைக்கவில்லை. கடனை வாங்கிச் சொந்தமாகக் கட்டத் துணிகிறாள். காண்ட்ராக்டர், கடன், அரசு அலுவலகம் என்று அவளுக்கு எதிரிகள் பலர். நடுத்தர வர்க்கத்தின் மூச்சுத்திணறலைப் படம் நேர்மையாகவே சொல்கிறது. ஆனால் அதன் கணக்கு பணக்கணக்கு. என் சண்டை அங்கேதான்.

சென்னையில் வீடு தேடுகிற எங்களிடம் வாடகை பேசுமுன்பே வந்து விழும் கேள்வி, ‘‘நீங்க என்ன ஆளுங்க?’’ நேராகக் கேட்கக் கூசுகிறவர் சொந்த ஊரை விசாரிப்பார், ‘‘கவிச்சி சாப்பிடுவீங்களா?’’ என்பார். அப்புறம் ‘‘பத்து மாச அட்வான்ஸ்.’’ குறைந்த சம்பளக்காரரை விரட்ட அதுவே போதும். எப்படியோ பொரட்டிக்கிட்டுப் போய் நின்றால், ‘‘நேத்தே வேற ஆளுக்குப் பேசி முடிச்சாச்சே.’’

தீண்டாமையின் பேரில் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955இன்படி குற்றம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை வரம்பாக வைக்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் போட்டால் அந்த வரம்பும் இல்லை. சாதியின் பேரை வாயில் எடுக்காமல் அட்வான்ஸை மட்டும் பேசுகிறவரை எதை வைத்துப் பிடிப்பது?

சாதியும் வறுமையும் இப்படி ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளும் இடத்தை ‘வீடு’ தொடவில்லை. வாடகைக்கு வீடு தேடி அலைந்த நம்மாட்கள் ஒவ்வொருவரிடமும் அந்தக் கதை இருக்கிறது. எழுதுங்கள்.