மேடை மறுக்கப்பட்டவர்கள்: தமிழகப் பெண் கலைஞர்களின் தொழில் வாழ்க்கை

தமிழகத்துப் பெண்களிடம் கலை இல்லை என்று யாரும் சொன்னதில்லை. அந்தக் கலையைத் தொழிலாகக் கொண்டு சம்பாதிக்கவும் பெயரெடுக்கவும் அவர்கள் முனைந்தபோதுதான் தடைகள் எழுந்தன. யார் மேடை தருவது, யார் பக்கவாத்தியம் வாசிப்பது, வருமானம் யார் கைக்குப் போவது ஆகிய மூன்று கேள்விகளில் அந்தத் தடைகளை அடக்கிவிடலாம்.

கோயிலைச் சார்ந்த ஆடல் மகளிருக்கு மானிய நிலமும் சொத்துரிமையும் இருந்தன. ஆனால் சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக் கட்டும் வழக்கம் அவர்களின் வாழ்வைப் பறித்தது. சீர்திருத்தவாதி முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929-இல் வந்த சட்டத் திருத்தம் மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்தது. 1947-இல் பொட்டுக் கட்டுதல் தடை செய்யப்பட்டது. சீர்திருத்தம் அவசியமானது. எனினும் வழக்கத்தோடு சேர்த்து அவர்கள் ஆடிய சதிராட்டமும் பழிக்கப்பட்டதால், பரம்பரைக் கலைஞர் பலர் பிழைப்பை இழந்தனர். பரம்பரைக்கு வெளியே இருந்து வந்த ருக்மிணி தேவி 1935-இல் அந்த ஆடலுடன் மேடையேறி, மறு ஆண்டு கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியை நிறுவினார். பரதநாட்டியம் என்ற பெயரில் அதே ஆடலுக்கு மதிப்புக் கூடியது. பழைய மரபிலிருந்து வந்து உலகப் புகழ் பெற்றவர்களில் தலையாயவர், வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி.

இசையுலகில் தடை வேறு வடிவில் இருந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) தம் சொந்தப் பணத்தில் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக் கோயிலைக் கட்டியெழுப்பினார். ஆனால் அங்கே தியாகராஜரின் நினைவு விழாவான ஆராதனையை நடத்திவந்த இசைக் கலைஞர்களின் இரு கட்சிகளும் பெண்களைப் பாட விடவில்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். அவர் கட்டிய கோயிலின் பின்புறத்தில் அவர்கள் பாடினார்கள். 1940-ஐ ஒட்டி எல்லாக் கட்சிகளும் ஒன்றான பிறகே பெண்களுக்கு அங்கே பொது மேடை கிடைத்தது.

கச்சேரியின் உச்சமான ராகம் தானம் பல்லவி, ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்டது. காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாள் (1919–2009) அதை மேடையில் விரிவாகப் பாடி ‘பல்லவி பட்டம்மாள்’ என்ற பெயரையே பெற்றார். பெண்களுக்குப் பக்கம் வாசிப்பதில்லை என்பது அன்றைய முன்னணி வித்வான்கள் சிலரின் கொள்கை. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரும் நெடுங்காலம் அப்படி இருந்து, பின்னர் பட்டம்மாளுக்கு வாசித்தார். இது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. பெரிய மிருதங்க வித்வான் இல்லாத கச்சேரிக்குப் பெரிய சபா இல்லை; பெரிய சபா இல்லையேல் பெரிய சன்மானமும் இல்லை. 1928-இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமி, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1968-இல் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

பழைய காவல்காரர்கள் இல்லாத புதிய களங்களே பெண்களுக்குக் கைகொடுத்தன. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களே நடித்த நாடகக் கம்பெனியை நடத்திப் புகழும் செல்வமும் ஈட்டினார். கடைசிக் காலத்தில் வறுமையில் மறைந்தார். கிராமபோன், சபாவின் அனுமதியைக் கேட்காமலே பெண் குரலை வீடுகளுக்குக் கொண்டு சென்றது. இளம் வயதில் கணவன் வீட்டை விட்டு வந்து நாடகத்தில் சேர்ந்த டி.பி. ராஜலட்சுமி, 1931-இல் ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகியானார். 1936-இல் ‘மிஸ் கமலா’ படத்தை இயக்கினார். ரயிலில் பாடிப் பிழைத்த சிறுமி கே.பி. சுந்தராம்பாள், 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றார்.

வேலூர்ப் பகுதி இந்த வரலாற்றின் இரு முகங்களையும் காட்டுகிறது. வேலூரில் 1945-இல் பிறந்த வாணி ஜெயராம், ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்தவர். திருமணத்துக்குப் பின் மும்பையில் கணவரின் ஊக்கத்தால் இந்துஸ்தானி இசை பயின்று, வங்கி வேலையை விட்டுப் பாட்டையே தொழிலாக்கினார். 1971-இல் ‘குட்டி’ என்ற இந்திப் படப் பாடலால் நாடறியப் பெற்றார். மூன்று முறை தேசிய விருது வென்றார். முந்தைய தலைமுறைப் பாடகியருக்குக் கிடைக்காத படிப்பும் மாதச் சம்பளமும் அவருக்கு இருந்தன.

மறுமுகம் தெருக்கூத்து. பழைய வட ஆற்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். துகில் உரியும் காட்சியில் கூந்தல் விரித்துச் சபையைப் பார்த்து நீதி கேட்கும் பாஞ்சாலி, வழக்கப்படி பெண் வேடமிட்ட ஓர் ஆண். சுற்றி உட்கார்ந்து கண்கலங்குகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள். இரவுத் தொழில், ஊர் ஊராகப் போகும் ஜமா (கூத்துக் குழு), தீட்டு நம்பிக்கை ஆகியவை அவர்களை மேடைக்கு வெளியே நிறுத்தின. இத்தனைக்கும், இதே பகுதியின் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவுகளில் பெரும்பாலோர் பெண்களே. குடும்பத்துக்கு வருமானம் என்றால் பெண் வெளியே போக ஊர் சம்மதிக்கிறது. கூத்துக்கு மட்டும் தயங்குகிறது. அண்மைக் காலத்தில் சில ஜமாக்களில் பெண்களும் வேடம் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.

மேலே கண்ட பெண்கள் எல்லோரும் திறமையால் மட்டும் நிலைத்தவர்கள் அல்லர். புதிய களமோ, சொந்தப் பணமோ, துணை நின்ற மனிதரோ இருந்தவர்கள் நிலைத்தார்கள். இம்மூன்றும் இல்லாதவர்களின் பெயர்கூட மிஞ்சவில்லை. இன்று கூத்தில் அடியெடுத்து வைக்கும் பெண்களுக்கு ஜமாவில் சம பங்கும், இரவில் பாதுகாப்பான போக்குவரத்தும், முறையான பயிற்சியும் கிடைக்கச் செய்வது கோயில் நிர்வாகங்களுக்கும் பண்பாட்டுத் துறைக்கும் உரிய கடமை.