வேர்ச்சொல் வழி ஆங்கிலச் சொல்வளம்: ஆலங்குடாவிலிருந்து ஒரு நோக்கு

கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் சூழ அமைந்த ஊர் ஆலங்குடா. மீன்பிடியும் தோட்டச் செய்கையுமே நெடுங்காலம் அக்கரையின் சீவனோபாயமாக விளங்கின. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலர் அங்கு வந்து குடியமர்ந்தனர். 2011இல் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. ஓங்கிலையும் திமிங்கிலத்தையும் காணவரும் உல்லாசப் பயணிகளுக்கென விடுதிகளும் எழுந்தன. இவ்வாறு மாறிய கரையொன்றில் ஆங்கிலம் பரீட்சைப் பாடமாக மாத்திரம் நின்றுவிடவில்லை. தொழிலின் வாயிலும் அதுவே. தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானங் கற்றுப் பல்கலைக்கழகம் புகும் மாணவன் மருத்துவத்தையும் பொறியியலையும் ஆங்கிலத்திலேயே கற்கவேண்டியவனாகிறான். அவ்விடத்தில் அவன் திணறுவது பெரும்பாலும் இலக்கணத்தாலன்று, சொற்களாலேயே.

இத்திணறலுக்கு மருந்தாக எடுத்துரைக்கப்படும் நூல்களுள் முதன்மையானது நோர்மன் லூயிஸ் எழுதிய ‘வேர்ட் பவர் மேட் ஈசி’. 1949இல் வெளிவந்த இந்நூல் இன்றும் தென்னாசிய மாணவரின் மேசைகளிற் காணப்படுகின்றது. கடினமான ஆங்கிலச் சொற்களை அகராதி வரிசையில் மனனஞ் செய்யாது, அவற்றின் கிரேக்க, இலத்தீன் வேர்களைப் பிரித்தறிந்து குடும்பங் குடும்பமாகக் கற்கவேண்டும் என்பதே இந்நூலின் கொள்கை. மனிதரை வெறுப்பவனைக் குறிக்கும் ‘மிசந்திரோப்’ என்ற சொல்லில், வெறுத்தலைக் குறிக்கும் ‘மிஸ்’ என்பதையும் மனிதனைக் குறிக்கும் ‘அந்திரோப்’ என்பதையும் கண்டுகொண்டவனுக்குப் பல சொற்கள் ஒருங்கே வசப்படும் என்பது லூயிஸின் வாதம். அவ்வாதம் பொய்யன்று. பட்டியல் மனனத்திலும் இம்முறை உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் லூயிஸின் கண்முன் நின்ற வாசகன் யார் என்ற வினா எழுகின்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கன் அவன். ‘டெலிபோன்’, ‘தேர்மோமீட்டர்’ ஆகிய சொற்களைச் சிறுவயது முதலே கேட்டுப் பழகியவனுக்கு வேர் என்பது தெரிந்த பொருளின் விளக்கம். ஆலங்குடா மாணவனுக்கோ அது தெரியாத பொருளுக்குத் தெரியாத மற்றொன்றால் தரப்படும் விளக்கம். ஆங்கிலங் கற்க வந்தவன் கிரேக்கத்தையும் இலத்தீனையும் மேலதிகமாகச் சுமக்க நேர்கின்றது. வேர்களும் ஈற்றில் இன்னொரு மனனப் பட்டியலாகிவிடுகின்றன. நூலின் குறை அதன் முறையிலன்று. அது நுழைவாயிலை வைத்த இடத்திலேயே உள்ளது.

தமிழ் மாணவனுக்குரிய வாயில் வேறோரிடத்தில், அவனுடைய விஞ்ஞான பாடநூலிலேயே, ஏற்கெனவே திறந்து கிடக்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன் முதலாக, பிற்காலத்தில் அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளை ஆக்கியோர் வரை, கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் பல இடங்களில் கிரேக்க, இலத்தீன் சொற்களை உறுப்புறுப்பாகப் பிரித்துத் தமிழாக்கினர். ‘இலெக்ரோலிசிஸ்’ மின்பகுப்பு ஆயிற்று. ‘ஐதரோலிசிஸ்’ நீர்ப்பகுப்பு ஆயிற்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் மாணவன் ‘லிசிஸ்’ என்பது பகுப்பு எனத் தானே காண்பான். ஒளித்தொகுப்பை அறிந்தவன் ‘போட்டோ’ ஒளி என்பதையும் ‘சிந்தெசிஸ்’ தொகுப்பு என்பதையும் அறிந்தவனே. வெப்பமானியிலும் பாரமானியிலும் வரும் ‘மானி’ ஆங்கிலத்தின் ‘மீட்டர்’. பாரமானியின் ‘பாரம்’ கிரேக்கத்தின் ‘பரோஸ்’. தோலைக் குறிக்கும் ‘டேர்மா’வை லூயிஸ் தோல் வைத்தியரைக் கொண்டு கற்பிக்கிறார். ‘எபிடேர்மிஸ்’ என்பதை மேற்றோல் எனப் படித்தவனுக்கு ‘எபி’ என்பது மேல் என்ற பாடமுங் கூடவே கிடைக்கின்றது. கலைத்துறை மாணவனும் இதற்கு விலக்கல்லன். மானிடவியலும் உளவியலும் அறிந்தவன் ‘அந்திரோப்’, ‘சைக்’ ஆகிய வேர்களை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறான். அவற்றை அவனுக்கு எடுத்துக் காட்டுவாரில்லை. விஞ்ஞான ஆசிரியர் ஆங்கிலச் சொல்லைத் தொடுவதில்லை. ஆங்கில ஆசிரியர் விஞ்ஞான நூலைத் திறப்பதில்லை.

பாடநூலுக்கு வெளியேயும் இவ்வேர்கள் உள. குடாநாட்டைக் குறிக்கும் ‘பெனின்சுலா’, இலத்தீனில் ‘ஏறத்தாழத் தீவு’ எனப் பொருள்படும். மூன்று புறமும் நீர் கண்டு வளர்ந்தவனுக்கு இதைவிட விளக்கம் வேண்டுவதில்லை. ‘பெனல்டிமேட்’ என்ற சொல் இறுதிக்குச் சற்று முந்தியதைக் குறிக்கும். தமிழிலக்கணத்தின் ஈற்றயலே அது. தீவாகிய ‘இன்சுலா’விலிருந்து பிறந்ததே ‘இன்சுலின்’. சதையியிலுள்ள சிறுதீவுகளிற் சுரப்பதால் அப்பெயர் பெற்றது. மின்னைத் தனிமைப்படுத்திக் காக்கும் காவலிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘இன்சுலேட்டர்’ என்ற பெயரும் அவ்வழியினதே. களப்பைக் குறிக்கும் ‘லகூன்’, பள்ளம் அல்லது குட்டையைக் குறித்த ‘லக்கூனா’விலிருந்து வந்தது, ஏட்டில் எழுத்து விடுபட்ட இடைவெளியையும் ஆங்கிலத்தில் லக்கூனா என்பர். கற்பிட்டியிற் கால்வைத்த போர்த்துக்கேயரின் மொழி இலத்தீனின் வழிவந்தது. அவர்கள் வாயிலாக ஈழத்துத் தமிழிற் கலந்த கதிரை, கிரேக்கத்தின் ‘கதெட்ரா’வே, ஆங்கிலத்தின் ‘செயாரும்’ ‘கதீட்ரலும்’ அதன் உடன்பிறப்புகள். யன்னலுக்கோ வாயிலைக் குறிக்கும் ‘யானுவா’ மூலம். ‘ஜனிட்டர்’ என்னும் வாயிற்காவலனும் அதன் வழியே வந்தவன்.

இக்கரைக்கு இத்தகைய பன்மொழி நோக்குப் புதியதன்று. 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை கசற்றியரையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னையதற்கு அவர் இட்ட பெயர் ‘தமிழ் புளுராக்’. கிரேக்க வரலாற்றாசிரியன் ஒருவனின் பெயரைத் தமிழ்ப் புலவருக்குச் சூட்டியது பொருத்தமா என்று வினவலாம். எனினும், தம்முடைய பொருளைப் பிறமொழியாளர் அறிந்த அடையாளத்தால் அறிமுகஞ்செய்த அந்த உத்தி, ஈண்டு வேண்டப்படுவதன் மறுதலை வடிவமே.

வேர்ப்பிரிப்பில் வழுக்குமிடங்களும் பல. ‘பென்’ என்ற எழுதுகருவி, இறகைக் குறிக்கும் ‘பென்னா’விலிருந்து வந்தது, பெனின்சுலாவின் ‘பென்’ வேறு. ‘பென்சில்’ பென்னின் தம்பி எனத் தோன்றும்; அதுவுமன்று. தூரிகையைக் குறித்த இலத்தீன் சொல்லே அதன் மூலம்; ‘பெனிசிலின்’ அதன் உண்மை உறவு. குழந்தை வைத்தியரின் பெயரில் வரும் ‘பெட்’ கிரேக்கக் குழந்தை, நடைபாதையில் நடப்பவனைக் குறிக்கும் ‘பெடெஸ்ரியன்’ என்பதில் வருவது இலத்தீனப் பாதம். ‘ஒட்சிசன்’ என்பதை வேர் பிரித்தால் அமிலத்தைப் பிறப்பிப்பது என வரும். எல்லா அமிலத்திலும் ஒட்சிசன் உண்டென்ற இலவோசியேயின் பிழையான கருத்து அப்பெயரிற் புதைந்து கிடக்கின்றது. ‘சலறி’ உப்பைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது உண்மை. உரோமப் படைவீரருக்கு உப்பே கூலியாக அளக்கப்பட்டது என்ற கதைக்குப் பண்டைச் சான்றில்லை. சம்பளத்தைச் சம்பாவும் அளமும் எனப் பிரித்து மகிழ்வோர், வழிநடையுணவைக் குறிக்கும் வடமொழிச் ‘சம்பல’த்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அளத்து உப்புக்குப் பெயர்பெற்ற புத்தளத்தில் இவ்விளக்கம் இனிக்கும், இனிமை சான்றாகாது. ஆலங்குடாவின் ‘ஆலம்’ மரத்தையன்றி நஞ்சையும் குறிக்குஞ் சொல். அது கொண்டு அவ்வூரை நச்சுக்குடா என்பாருளரோ?

தமிழ்க் கலைச்சொற்களும் எங்கும் ஒரே நேர்மையுடன் வழிகாட்டுவனவல்ல. ‘ஜியோகிராபி’யைப் புவியியல் என்றமையால், ‘இயல்’ எப்போதும் ‘லொஜி’ என நம்பிய மாணவன் அதனை ‘ஜியோலொஜி’ எனக் கொள்வான். பின்னையதற்குப் புவிச்சரிதவியல் எனப் பெயரிட நேர்ந்தது. ‘குளோரோபில்’ என்பதில் பசுமையும் இலையும் உள்ளன. பச்சையம் இலையை விட்டுவிட்டது. ஐதரசன் போன்று எழுத்துப்பெயர்ப்பால் வந்தவை நீர் என்ற வேரை முற்றாக மறைக்கின்றன. ‘ஐதரோ’வை மாணவன் நீர்ப்பகுப்பிலிருந்தே மீட்டெடுக்க வேண்டியுள்ளது.

ஆகவே லூயிஸின் நூலைத் தமிழாக்குவதாற் பயன் சிறிது. வேண்டப்படுவது வேறொரு சிறு கையேடு. சொற்றொகுதிகள் ஆங்கில அகரவரிசையில் முழுச்சொற்களை நிரற்படுத்துகின்றன. ஆங்கிலச் சொல் தெரியாதவன் அங்கு எதையுந் தேடமுடியாது. பகுப்பு, தொகுப்பு, மானி, ஒளி, மேல் எனத் தமிழ் உறுப்புகளைத் தலைச்சொல்லாக நிறுத்தி, அவ்வவற்றின்கீழ்ப் பாடநூற் சொல்லையும் அதன் ஆங்கில மூலத்தையும், போலி உறவுகளுக்கான எச்சரிக்கையையும் தந்தாற் போதும். சாதாரண தர விஞ்ஞான நூலொன்றின் சொல்லடைவைக் கொண்டே இதனைத் தொடங்கலாம். ஆங்கில ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரு மேசையில் அமர உடன்படுவார்களாயின், ஒரு தவணைக்குள் முடியக்கூடிய வேலை அது.