வெறுங்கையோடு திரும்பவும் தெரிய வேண்டும்

கபடியில் பாடிப் போகிற ஒவ்வொரு முறையும் ஆளைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆட்டத்தின் பெரும்பகுதியை அவர் வெளியே உட்கார்ந்துதான் பார்ப்பார். நல்ல ஆட்டக்காரருக்கு 30 விநாடியில் எதிரணியின் கால்கள் எப்படி நிற்கின்றன என்று தெரிந்துவிடும். வாய்ப்பில்லை என்றால் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டு வெறுங்கையோடு வருவார். கூட்டம் 'ஊ' என்று கத்தும். கத்தட்டும்.

திருவதிகையிலிருந்து ஒரு தந்தை கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. மகள் பத்தாம் வகுப்பில் கணக்கில் சென்டம். இப்போது பிளஸ் ஒன். வக்கீலாக வேண்டும் என்கிறாள். "கிளாட்டில் சென்டம் வாங்க என்ன செய்யணும் சார்?" என்று கேட்டிருந்தார்.

கேள்வியில்தான் சிக்கல் இருக்கிறது. சென்டம் என்பது நம் பள்ளிக்கூடம் பழக்கிவிட்ட சொல். தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு மாநில அரசின் நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டது. அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் இடம் வேண்டுமென்றால் ஒவ்வொரு மார்க்கையும் பொறுக்கி எடுத்தாக வேண்டும். அந்த ஆட்டத்தில் ஒரு கேள்வியையும் விடக்கூடாது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட் வேறு ஆட்டம். திருச்சியில் இருக்கிற நம் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கும் அதுதான் வாசல்.

ஆட்டத்தின் அளவைப் பாருங்கள். 2008-ல் தொடங்கியபோது 200 கேள்விகள். 2020-ல் 150 ஆக்கி, எல்லாவற்றையும் பத்தி படித்து விடை சொல்கிற முறைக்கு மாற்றினார்கள். 2024 சேர்க்கைக்கான தேர்விலிருந்து 120 கேள்விகள். நேரம் அதே இரண்டு மணி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். சரியானால் 1, தவறினால் கால் மார்க் போகும்.

ஒரு நிமிடம் என்பதும் ஏமாற்றுக் கணக்கு. பத்தி ஒவ்வொன்றும் 450 சொல் வரை போகும். 22 பத்திகள் என்று வைத்துக்கொள்வோம், 9,900 சொல். அத்தனையும் ஆங்கிலம். நிமிடத்துக்கு 100 சொல் படிக்கிற பிள்ளைக்குப் படித்து முடிக்கவே 99 நிமிடம் ஆகும். மீதி 21 நிமிடத்தில் 120 கேள்விக்கு விடை. நிமிடத்துக்கு 200 சொல் படிக்கிற பிள்ளைக்கு மீதி 70 நிமிடம் இருக்கும். அறிவு இருவருக்கும் ஒன்றே என்றாலும் களம் ஒன்றல்ல. தமிழ் வழியில் படித்த பிள்ளை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கோச்சிங் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. கட்டுக்கட்டாக நடப்பு நிகழ்வுப் புத்தகம் விற்கத்தான் அவர்களுக்கு வசதி.

அடுத்தது மைனஸ் மார்க் பயம். "தெரியாததைத் தொடாதே" என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால் கதை மாறுகிறது. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், 16 கேள்வியில் சராசரியாக 4 சரியாகும், 12 தவறும். வரவு 4, போனது 3. மிச்சம் ஒரு மார்க். ஒரு விடையைத் தவறென்று ஒதுக்கிவிட முடிந்தால் லாபம் இன்னும் கூடும். ஆக, குருட்டாம்போக்கில் விடையைக் குறிப்பதால் பெரிய நட்டமில்லை. ஒரே கேள்வியோடு மூன்று நிமிடம் மல்லுக்கட்டுவதுதான் நட்டம். அந்த மூன்று நிமிடத்தில் தெரிந்த மூன்று கேள்விகள் கடைசிப் பக்கத்தில் தொடப்படாமலே கிடக்கும். சென்டம் வாங்கிப் பழகிய பிள்ளைகள்தான் இப்படி அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். விட்டுவிட்டுப் போக மனம் வராது.

முதல் சுற்றில் வராத கேள்வியைத் துணிந்து விட்டுவிடு. கடைசி ஐந்து நிமிடத்தில் விட்ட இடங்களை நிரப்பு. கபடியில் இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவது வாழ்வா சாவா என்று ஆகிவிடும் இல்லையா, அந்தத் துணிச்சலை இந்த ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சட்டப் பகுதிக்கு வருவோம். 28 முதல் 32 கேள்விகள். இருவர் ஒரே மார்க் எடுத்தால் யார் முன்னே என்று முதலில் பார்ப்பதும் இந்தப் பகுதியைத்தான். அதில் கேட்பது எப்படியிருக்கும் என்பதற்கு உதாரணம் தேடித் திருவதிகைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். அதிக தூரமில்லாத திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் வழக்கு நடந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழித்தது நகல்தான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது உலகத்தில் இல்லாத வழக்கமாயிற்றே என்று சபையாருக்கே தோன்றுகிறது. ஆனாலும் மூல ஓலையை வாங்கிப் படிக்கிறார்கள். பாட்டனார் கையெழுத்தை அவருடைய வேறொரு ஓலையோடு ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போகிறது. சுந்தரர் தோற்றார் என்று தீர்ப்பு.

கிளாட் சட்டப் பகுதி கேட்பது அந்தச் சபையின் ஒழுங்கைத்தான். பத்தியில் ஒரு விதி இருக்கும், கீழே ஒரு சம்பவம் இருக்கும். விதியைச் சம்பவத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவே. "இது அநியாயமாச்சே", "நிஜத்தில் சட்டம் வேறயாச்சே" என்ற நினைப்பையெல்லாம் வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். வீட்டில் நியாயம் பேசுகிற கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்தப் பகுதியில்தான் மார்க்கைக் கொட்டுகிறார்கள்.

சரி, முழு மார்க் என்பதே கிடையாதா? அமெரிக்கச் சட்டப் படிப்புக்கான எல்சாட் தேர்வில் உண்டு. அங்கே அளவுகோல் 120-ல் தொடங்கி 180-ல் முடியும். 180 எடுத்தவரை அந்த ஊர் கொண்டாடும். 'லீகலி பிளாண்ட்' படத்து நாயகிக்கே 179 மட்டும்தான் கொடுத்தார்கள். ஆனால் அந்த 180 நம் சென்டம் அல்ல. சரியான விடைகளை எண்ணி, தாளின் கடினத்துக்கு ஏற்ப அளவுகோலுக்கு மாற்றுகிறார்கள். சில தாள்களில் ஒன்றிரண்டு தவறு செய்தவருக்கும் 180 வரும். தவறுக்கு அங்கே மைனஸும் இல்லை.

நம் பக்கத்திலோ முழு மார்க் எது என்பதையே நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. 2024 டிசம்பர் 1-ல் நடந்த தேர்வின் விடைக்குறிப்பில் இரண்டு விடைகள் தவறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் டிசம்பர் 20-ல் சொன்னது. மேல்முறையீடு போய், உச்ச நீதிமன்றம் 2025 மே 7-ல்தான் முடிவு சொன்னது. அந்தத் தாளில் எல்லாவற்றையும் சரியாக எழுதிய ஒருவர் இருந்திருந்தால், முதலில் வந்த விடைக்குறிப்பு அவருக்கு மார்க்கைக் குறைத்திருக்கும். நடுவரே தவறு செய்கிற ஆட்டத்தில் சென்டத்தைத் துரத்துவானேன்?

அந்தத் தந்தைக்கு என் பதில் இது. மகளுக்கு இன்னும் புத்தகம் வாங்காதீர்கள். ஒரு ஆங்கில நாளிதழ் வாங்குங்கள். தினமும் ஒரு தலையங்கம், கடிகாரம் வைத்துப் படிக்கட்டும். படித்ததைத் தமிழில் மூன்று வரியில் உங்களிடம் சொல்லட்டும். அரசுப் பள்ளி என்றால் 'நான் முதல்வன்' பயிற்சி பற்றித் தலைமை ஆசிரியரைக் கேளுங்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகவே மறைந்த ஷம்நாத் பஷீர் 2010-ல் தொடங்கிய 'இடியா' அமைப்பு இருக்கிறது; அதையும் விசாரியுங்கள். கிளாட் கைகூடாவிட்டால் பிளஸ் டூ மார்க்கோடு விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. அதுவும் நல்ல களம்தான்.

2025 டிசம்பரில் நடந்த கிளாட்டுக்கு விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் பிரிவினருக்கு 3,500. பிளஸ் டூவில் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பட்டியல் பிரிவினருக்கு 40 இருந்தால் எழுதலாம். 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளும் தேர்வு நடந்தது டிசம்பர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2 மணிக்கு.