நாபோத்தின் நிலமும் கமிரீத்து மக்களின் இசை நாடகமும்

ஒபேரா எனப்படும் இசை நாடகம் ஐரோப்பிய அரசவைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் வளர்ந்த கலை. இசைப்புலவர் ஒருவர் எழுதுவார்; பயின்ற பாடகர் அவர் எழுதியவாறே பாடுவர்; மக்கள் கட்டணஞ் செலுத்தி இருளில் அமர்ந்து கேட்பர். எழுதுவோர், பாடுவோர், கேட்போர் என்னும் இம்மூவரையும் பிரிக்கும் சுவர் இடிக்கப்பட்டால் அக்கலை என்னவாகும்? இவ்வினாவுக்கு 1977ஆம் ஆண்டில் கென்யாவின் லிமுரு பகுதியைச் சார்ந்த கமிரீத்து என்னும் சிற்றூர் ஒரு விடை அளித்தது. அவ்விடையின் ஒரு பகுதி திருச்சபையை நோக்கியே சொல்லப்பட்டதாகலின் அதை இங்கு ஆராய முற்படுகிறோம்.

கமிரீத்து இயல்பாகத் தோன்றிய ஊரன்று. 1950களில் மௌ மௌ கிளர்ச்சியை ஒடுக்க முற்பட்ட ஆங்கிலேய அரசு, சிதறி வாழ்ந்த கிக்கூயு மக்களைக் கட்டாயமாக ஓரிடத்தில் குடியேற்றிக் காவல் வைத்த ஊர்களுள் அதுவும் ஒன்று. நாடு 1963இல் விடுதலை பெற்ற பின்னும் அங்குள்ளோர் பிறர் நிலங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் அருகிலிருந்த காலணித் தொழிற்சாலையிலும் கூலிகளாகவே வாழ்ந்தனர். இவ்வூர் மக்கள் 1976இல் தங்கள் சமூகக் கல்வி, கலாசார நிலையத்துக்குப் புத்துயிர் ஊட்டினர். முதியோர் எழுத்தறிவு வகுப்பு முதலில் நடைபெற்றது. எழுத்தறிந்தவர்கள் அதன்பின் எதைப் படிப்பது, எதைச் செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, நாடகம் ஒன்று வேண்டும் என்று கேட்டனர். அதன் முதல் வரைவை எழுதும் பொறுப்பு இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒருவர் நைரோபி பல்கலைக்கழகத்தில் இலக்கியத் துறைத் தலைவராயிருந்த நாவலாசிரியர் கூகி வா தியாங்கோ. மற்றவர் எழுத்தறிவு வகுப்புகளை நடத்திவந்த கூகி வா மிரீ. பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிமானி கெசாவு இயக்குநராய் அமைந்தார். 'ங்காஹிகா ந்தேந்தா' என்பது நாடகத்தின் பெயர். 'நான் விரும்பும்போது மணந்துகொள்வேன்' என்பது அதன் பொருள்.

இவ்வரைவு ஊராரிடம் வந்தபின் நிகழ்ந்தவையே நமது ஆய்வுக்கு உரியவை. எழுதப்பட்டது இறுதியானது என்று எவரும் கருதவில்லை. ஒத்திகைகள் திறந்த வெளியில், யாரும் வந்து நின்று பார்க்கும்படி நடைபெற்றன. முதியவர் ஒருவர் இவ்வாறு பேசமாட்டார் என்று ஒருவர் திருத்துவார்; இந்த ஆட்டத்தின் அடிவைப்பு இதுவன்று என்று மற்றொருவர் ஆடிக் காட்டுவார். தொழிற்சாலையில் உழைத்தவர்கள் தங்கள் உழைப்பின் மதிப்பு எவ்வளவு, கைக்கு வரும் கூலி எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள், அக்கணக்கு உரையாடலாயிற்று. நாடகத்தில் 'கிடீரோ' என்னும் பகுதி உண்டு. திருமணச் சடங்கையொட்டிப் பாட்டும் ஆட்டமும் உரையாடலும் ஒன்றாய்க் கலந்து நிகழும் இதனைக் கிக்கூயு மக்களின் இசை நாடகம் என்றே ஆசிரியர் அழைக்கிறார். எழுதப்படிக்கத் தெரியாத பெண்ணொருத்தி சொல் சொல்லாகச் சொல்லிக்கொடுக்க, பேராசிரியர் எழுதிக்கொண்டார். யார் ஆசிரியர், யார் மாணவர் என்னும் முறைமை இங்கே தலைகீழாகிவிட்டதைக் காண்கிறோம். ஏறக்குறைய 2,000 பேர் அமரக்கூடிய திறந்தவெளி அரங்கையும் அவர்களே எழுப்பினார்கள்.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்கரின் ஆடல் பாடல்கள் பலவற்றை மிஷனெரிமார் அஞ்ஞான வழக்கம் என்று ஒதுக்கினர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'முத்திரிகு' என்னும் எதிர்ப்புப் பாடலைக் குடியேற்ற அரசு தடையும் செய்தது. ஆகவே கமிரீத்துவில் முதியோரிடம் பாடல்களைக் கேட்டு மீட்டது பழம்பொருள் சேகரிப்பன்று. பறிக்கப்பட்ட குரலைத் திரும்பப் பெறுதலாகும்.

இனி நாடகத்தின் கதைக்கு வருவோம். கிகூண்டா என்னும் உழவுக் கூலிக்கு ஒன்றரை ஏக்கர் நிலமே சொத்து. அவனது முதலாளி கியோய், திருச்சபையில் மதிக்கப்படும் செல்வர். பூச்சிமருந்துத் தொழிற்சாலை ஒன்று அந்நிலத்தில் எழ வேண்டும் என்பது அவரும் அவர் கூட்டாளிகளும் கொண்ட எண்ணம். கிகூண்டாவும் மனைவி வங்கேசியும் முன்னோர் முறைப்படி மணந்து நெடுங்காலம் இல்லறம் நடத்தியவர்கள். அவர்களிடம் வந்து, நீங்கள் வாழ்வது பாவ வாழ்வு, ஆலயத்தில் மணமுடியுங்கள் என்று செல்வர் அறிவுறுத்துகின்றனர். தம் மகள் கதோனிக்கும் கியோயின் மகனுக்கும் மணம் நிகழும் என்ற நம்பிக்கையில், நிலப்பத்திரத்தை ஈடுவைத்து வங்கிக் கடன் பெற்று ஆலயத் திருமணத்துக்கு ஆயத்தமாகின்றனர் பெற்றோர். மகளோ கர்ப்பவதியாகிக் கைவிடப்படுகிறாள். நியாயங் கேட்கச் சென்ற தந்தை துரத்தப்படுகிறான். கடன் திருப்பிக் கேட்கப்படுகிறது. நிலம் ஏலத்துக்கு வருகிறது. அச்செல்வருடைய கிறிஸ்தவப் பெயர் ஆகாப். அவர் மனைவியின் பெயர் யேசபேல்!

1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கும் ஆயர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டைச் சுட்டவேண்டும். வேதாகமத்தில் நாபோத்தை வீழ்த்தப் பொய்ச்சாட்சிகள் தேவைப்பட்டனர். தேவதூஷணம் என்ற குற்றம் சாட்டப்பட்டது. சமயம் அங்கே கொலைக்குக் கருவியாயிற்று. கமிரீத்து நாடகத்திலோ கல்லெறிதல் இல்லை. ஆசீர்வாதமே கருவியாகிறது. வெண்ணிற மண ஆடையும் அப்பமும் ஆலய மணியும் நிலத்தை விழுங்கும் வாயாகின்றன. ஒரு திருச்சடங்கைப் பெறும் ஆசையே ஏழையைக் கடனாளியாக்கும் என்னும் இக்காட்சி, எந்த அரசியற் சொற்பொழிவையும்விட ஆழமாக நம்மைத் தைக்கிறது. திருமணப் பதிவேட்டில் கையொப்பமிடும் கைகள் நம்முடையவை அல்லவா?

கூகி வா தியாங்கோ கிறிஸ்தவராக நின்று இதை எழுதவில்லை. 1970இல் கிழக்கு ஆப்பிரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் பொதுப் பேரவையில் உரையாற்றியபோதே தாம் கிறிஸ்தவரல்லர் என்பதை வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அவ்வாறு அறிவித்தவரைப் பேச அழைத்துச் செவிகொடுத்த அப்பேரவையையும் இங்குப் பாராட்டலாம். ஆனால் நாடகம் திருச்சபைக்கு முழு நியாயம் செய்கிறதா? இல்லை என்றே கருதுகிறோம். செல்வரின் பக்தி அதில் வஞ்சனையாகவும், ஏழையரின் பக்தி மயக்கமாகவும் மட்டுமே காட்டப்படுகிறது. ஆலயங்கட்டக் காணிக்கை கேட்டு வரும் ஏழைச் சபையாரும் ஏளனத்துக்கே ஆளாகின்றனர். அடுத்த வீட்டுத் தொழிலாளி கிசாம்பா நீண்ட உரைகளில் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறார். ஊரார் கூடித் திருத்திய பகுதிகளில் மனிதர் பலவாறாகப் பேசுகின்றனர். கிசாம்பா பேசும்போது ஒரு கோட்பாடு மட்டும் பேசுகிறது. எனினும் இறுதிப் பாடலில் ஏழைகளின் எக்காளம் முழங்குவது குறிப்பிடத்தக்கது. வேதாகமத்தின் மொழியை மறுத்துப் பேச வந்தவர்களுக்கும் அம்மொழியே உதவியது.

1977 அக்டோபர் 2ஆம் நாள் நாடகம் அரங்கேறியது. மக்கள் தொலைவிலிருந்தும் திரண்டு வந்தனர். ஏழு வாரங்கள் நிறைவதற்குள், நவம்பர் 16இல், அரசு நாடக உரிமத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பர் இறுதியில் கூகி வா தியாங்கோ கைதுசெய்யப்பட்டு, விசாரணையின்றி ஏறத்தாழ ஓராண்டு சிறைவைக்கப்பட்டார். அங்கே கழிவறைத் தாளில் அவர் கிக்கூயு மொழியில் எழுதிய நாவலே 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரில் தமிழில் நாம் வாசிப்பது.

அரசு எதற்கு அஞ்சியது? அதே ஆண்டில் இவ்வாசிரியரின் 'இரத்தப் பூவிதழ்கள்' என்னும் ஆங்கில நாவல் வெளிவந்தது. அதிலும் ஆளுவோர் மீது கடுங்கண்டனம் உண்டு. அதன் பொருட்டு அவர் சிறை செல்லவில்லை. ஆகவே கருத்தைக் காட்டிலும், கருத்தை ஆக்கும் உரிமையைக் கூலிகள் கையிலெடுத்ததே பொறுக்கமுடியாததாயிற்று என்பது நமது துணிபு. ஆளுவோர் வரைந்த பாத்திரத்தையே வாழ்நாளெல்லாம் ஏற்று நடித்தவர்கள், பிரதியைத் திருத்தலாம் என்பதை மேடையில் கற்றுக்கொண்டால் வயலிலும் ஆலையிலும் அதைச் செய்யமாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி?

இரண்டாம் நாடகமான 'மைது ந்ஜுகிரா' இன்னும் மிகுதியாக இசையால் அமைந்தது; கென்யாவின் பல இன மக்களுடைய பாடல்கள் அதில் சேர்ந்தன. 1982இல் தேசிய நாடக அரங்கின் கதவுகள் அக்குழுவினருக்குப் பூட்டப்பட்டன. பல்கலைக்கழகத்தில் நடந்த ஒத்திகைகளையே ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தனர். மார்ச் மாதத்தில் காவல் துறையினர் கமிரீத்துவுக்குச் சென்று திறந்தவெளி அரங்கை இடித்துத் தரைமட்டமாக்கினர். கூகி வா மிரீயும் கெசாவுவும் ஜிம்பாப்வேக்குச் சென்று அங்கும் மக்கள் அரங்கப் பணியைத் தொடர்ந்தனர். கூகி வா தியாங்கோ நாடுகடந்து வாழ்ந்து 2025 மே மாதத்தில் மறைந்தார்.

அச்சிட்ட நூலைப் பற்றி ஒரு குறை சொல்லவேண்டியிருக்கிறது. அதன் முகப்பில் இரண்டு ஆசிரியர் பெயர்களே உள்ளன. கிடீரோவைச் சொல்லிக்கொடுத்த பெண் இன்றும் 'எழுத்தறியாக் குடியானவப் பெண்' என்றே குறிக்கப்படுகிறாள். கூட்டு ஆக்கம் நூலாகும்போது, நூல் என்னும் அமைப்பே அதைத் தனியார் சொத்தாக்கிவிடுகிறது. இதை ஆசிரியர்களின் பேராசை என்று நாம் சொல்லமாட்டோம். அவர்கள் ஊராரின் பங்கை மறைத்தவர்கள் அல்லர். ஆயினும் நிலத்தை இழந்தவனைப் பற்றிய நாடகத்தில், பாட்டைத் தந்தவள் தன் பெயரை இழந்திருக்கிறாள்.

2022 மே மாதத்தில் 'ங்காஹிகா ந்தேந்தா' நைரோபியில் ஆங்கிலத்திலும் கிக்கூயுவிலும் மீண்டும் நடிக்கப்பட்டது. 1982இல் பூட்டப்பட்ட அதே தேசிய அரங்கத்தில்தான் அது நிகழ்ந்தது. தொழில்முறைக் கலைஞர் மேடையில் நின்றனர். பார்வையாளர் இருக்கைகளில் அமர்ந்தனர். தடை நீங்கியது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பிரதி திரும்பி வந்த அவ்விடத்தில், இது இவ்வாறன்று என்று எழுந்து திருத்த யாரும் அழைக்கப்படவில்லை.