மாமல்லபுரத்துச் சாபமும் மகேந்திரன் நகைப்பும்

மாமல்லபுரம் செல்வோர் பலரும் படித்தறியாத வடமொழிக் கல்வெட்டொன்று அங்குண்டு. உள்ளத்தில் உருத்திரனுக்கு இடமளியாதவரை அது ஆறு முறை இகழ்ந்து சபிக்கிறது. தருமராச மண்டபம், கணேச ரதம், இராமானுச மண்டபம் ஆகிய இடங்களில் இவ்வசை பொறிக்கப்பட்டுள்ளது. கிறிஸ்தவராகிய நாமும் அதில் அடங்குவோம். இராமானுச மண்டபத்திலிருந்த சைவச் சிற்பங்களையோ பிற்காலத்தார் உளியால் சிதைத்து, முகப்பில் சங்கையும் சக்கரத்தையும் பொறித்தனர். பிறர் சமயத்தை எதிர்கொள்ளச் சாபம் ஒரு வழி. உளி மற்றொரு வழி.

இவ்விரண்டுக்கும் முன்னரே மூன்றாம் வழியொன்றை இம்மண் கண்டிருக்கிறது. மாமல்லனின் தந்தை முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் வடமொழி நகை நாடகமே அது. செங்கல்பட்டை அடுத்த வல்லம் குடைவரையில் பெயர் காணப்படும் அதே மன்னன்தான் இதன் ஆசிரியன்.

கதை எளியது. காஞ்சியில் கள்வெறி கொண்ட காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தை இழக்கிறான். பௌத்தத் துறவி நாகசேனன் மீது பழி விழுகிறது. அத்துறவியோ, புத்தர் மதுவையும் மங்கையரையும் அனுமதித்திருப்பார், மூத்தோரே அந்நூலை மறைத்துவிட்டனர் என ஐயுறுபவன். வழக்கைத் தீர்க்க வரும் பாசுபதனும் நகைப்புக்குத் தப்புவதில்லை. கபாலத்தைத் தூக்கிச் சென்றது அதிலிருந்த இறைச்சியை நாடிய நாய்! இறுதியில் அனைவரும் பகை நீங்கிப் பிரிகின்றனர்.

இந்நாடகத்தில் குறையும் உண்டு. அரியணையிலிருந்து வரும் கேலிக்குக் கேலியால் விடைதர எளியவரால் இயலுமா? நாகசேனன் வாய்விட்டுத் தன் நெறியின் உயர்வைச் சொல்ல மன்னன் போதிய இடம் தரவில்லை. ஆயினும் பௌத்தர் செல்வத்தால் நீதிமன்றத்தாரை விலைக்கு வாங்கிவிடுவர் என்று ஒரு பாத்திரம் கூறுகிறது. நீதிமன்றமோ மன்னனுடையது! தன் ஆட்சியையும் நகைப்புக்கு உட்படுத்தியதே இந்நாடகத்தின் நேர்மை எனக் கருதுகிறோம்.

இது பழங்கதை அன்று. இயேசு மகதலா மரியாவை மணந்ததாகக் கற்பிக்கும் 'டா வின்சி கோட்' திரைப்படத்தை, தணிக்கைக் குழு அனுமதித்த பின்னரும், 2006-இல் தமிழக அரசு தடைசெய்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் அத்தடையை நீக்கியது. நம்முள் பலர் அன்று வருந்தினோம். அவ்வருத்தம் உண்மையானது; ஆனால் வருத்தம் வேறு, தடை வேறு. மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 1989-இல் 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் கூறியது. சிறுபான்மையினராகிய நம்மைக் காப்பதும் அந்நெறியே. பிறர் மனம் புண்படும் என்பதே தடைக்குப் போதிய காரணமாயின், நாளை நம் மறையுரையும் தடைக்குள்ளாகலாம். வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கு மட்டும் சட்டம் அணை போடட்டும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சமயச் சுதந்திரத்தை மனித மாண்பின் மீதே நிறுவியது. தம்மை ஏற்க மறுத்த சமாரியர் ஊரின் மேல் வானத்து நெருப்பை வரவழைக்க விரும்பிய சீடர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார். பின்பு வேறோர் ஊருக்கு நடந்தார். பொய்யென நாம் கருதுவதைப் படித்து, ஆய்ந்து, மறுத்தெழுதும் கடமை நமக்குண்டு. உளி நமக்குரிய கருவி அன்று.