வகுப்பறையும் பொறியும்: இரு நூல்கள் பற்றிய ஒரு திறனாய்வு

இலக்கியத் திறனாய்வு என்பது இலக்கியத்தைக் கண்டிப்பதற்கென எழுந்த துறை என்று எவரும் கருதுவதில்லை. கல்வியிற் பயன்படும் கணினிக்கும் அத்தகைய திறனாய்வு ஒன்று வேண்டும் என 1987 ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையொன்றிலே வற்புறுத்தியவர் சீமோர் பப்பேட் என்னும் அமெரிக்க அறிஞர். கணினி கல்விக்கு நன்மை செய்யுமா என்று தனித்து வினவுதல், மரம் நல்ல வீட்டைக் கட்டுமா என்று வினவுதலை ஒக்கும் என்பது அவர் கொள்கை. உவமை பொருத்தமானதே. மரம் இருந்தால் மட்டும் வீடு எழுவதில்லை. தச்சன் ஒருவன் வேண்டும். இவ்வளவு தெளிவாகச் சிந்தித்த ஒருவர், தாம் முன்னர் எழுதிய நூலில் அந்தத் தச்சனை எங்கே நிறுத்தினார் என்று தேடிப் பார்ப்பதே ஈண்டு எமது முதல் வேலை.

பப்பேட் 1928 இல் தென்னாபிரிக்காவிற் பிறந்தவர்; ஜெனீவாவில் உளவியலறிஞர் பியாஜேயோடு பணியாற்றியவர்; பின்னர் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்தவர். சிறுவர் கையாளத்தக்க கணினி மொழியாகிய லோகோவை 1967 இல் உருவாக்கியோருள் அவரும் ஒருவர். அவருடைய 'மைண்ட்ஸ்ரோம்ஸ்' என்னும் நூல் 1980 இல் வெளிவந்தது. பிள்ளைப் பருவத்திற் பற்சில்லுகளின் மேல் தமக்கு உண்டான காதலே பிற்காலத்திற் கணிதத்தின் வாயிலைத் திறந்துவிட்டது என்று அதன் முன்னுரையிற் கூறுகின்றார். நூலின் நாயகன் ஓர் ஆமை. 100 அலகு முன்னே செல், 90 பாகை வலப்புறம் திரும்பு என்று நான்கு முறை பணித்தால், அந்த ஆமை திரையிற் சதுரம் ஒன்றை வரைந்துவிடும். வட்டம் வரைய விரும்பும் பிள்ளை என்ன செய்வது? தானே ஆமையாகி, சிறிது நடந்து சிறிது திரும்பிப் பார்த்தால் விடை காலிலே கிடைக்கும். பிரான்சு தேசத்திற் பிறந்த பிள்ளை பிரெஞ்சு மொழியை வருத்தமின்றிக் கற்பதுபோல, கணிதம் பேசப்படும் நாடொன்றிற் பிள்ளைகளை வாழவிட்டாற் கணிதத்தையும் இயல்பாகக் கற்பர் என்பது ஆசிரியரின் நம்பிக்கை. இப்பகுதிகளைப் படிக்கும் கணித ஆசிரியர் எவருக்கும், மறுநாட் காலையே இதனைச் செய்து பார்த்தல் வேண்டும் என்ற ஆவல் எழாமற் போகாது. கணினி இல்லாவிடினும், பள்ளி முற்றத்தில் மாணாக்கன் ஒருவனை ஆமையாக்கி நிறுத்தி, ஏனையோரைக் கட்டளையிடச் செய்து இதனை நடத்திவிடலாம். அது நூலின் பெருமைக்குக் குறைவன்று. சான்று என்றே சொல்லலாம்.

ஆயினும் இந்நூலைப் படித்து முடித்தபின், ஆசிரியர் எங்கே என்ற வினா நெஞ்சை விட்டகல்வதில்லை. பிரேசில் நாட்டின் இறியோ நகரத்துச் சம்பா நடனக் கூடங்களைப் பப்பேட் கல்விக்கு உதாரணமாகக் காட்டுகின்றார். அங்கே முதியோரும் இளையோரும், வல்லோரும் புதியோரும் ஒருங்கே ஆடிக் கற்பர். அழகிய உதாரணந்தான். ஆனால் அக்கூடத்தில் முன்னரே ஆடத் தெரிந்தவர் பலர் இருக்கின்றனர் என்பதை அவர் விரித்துரைக்கவில்லை. லோகோ புகுந்த வகுப்பறைகளிலோ ஆடத் தெரிந்தவர் பெரும்பாலும் இலர். 1984 இல் ரோய் பீ, மிடியன் கேர்லண்ட் என்னும் இருவர் நடத்திய ஆராய்ச்சி, லோகோ கற்ற பிள்ளைகளின் திட்டமிடும் ஆற்றல் ஏனையோரினும் மேம்படவில்லை என்று காட்டியது. பப்பேட்டின் 1987 ஆம் ஆண்டுக் கட்டுரை இத்தகைய ஆராய்ச்சிகளுக்கு விடையாக எழுந்ததே. விடையின் சாரம் வலிமையுடையது: லோகோ என்பது மருந்துக் குளிசையன்று, அது எத்தகைய சூழலிற் பயிலப்பட்டது என்பதை நோக்காது பயனை அளத்தல் தவறு. சரி, அச்சூழலை அமைப்பவர் யார்? பள்ளிக்கூடமே மறைந்துபோகவேண்டிய பழம்பொருள் என்று கருதியவரிடம் இதற்கு விடை எதிர்பார்ப்பது வீண்.

இவ்விடத்திலே துணைக்கு வருவது லறி கியூபன் 1986 இல் எழுதிய நூல். ஆசிரியரும் பொறிகளும் என்று பொருள்படும் தலைப்புடையது. 1920 முதலாக அமெரிக்க வகுப்பறைகளிற் புகுந்த சலனப்படம், வானொலி, தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றின் வரலாற்றைச் சொல்வது. கியூபன் ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியராகுமுன் கிளீவ்லன்ட் நகரில் வரலாறு கற்பித்தவர். ஆர்லிங்ரன் மாவட்டப் பாடசாலைகளுக்கு ஏழாண்டு அத்தியட்சகராயிருந்தவர். வெண்கட்டித் தூள் படிந்த கையால் எழுதப்பட்ட நூல் என்பது பக்கந்தோறும் புலனாகும்.

பாடப்புத்தகங்கள் விரைவில் வழக்கொழிந்துவிடும், சலனப்படமே அவற்றின் இடத்தைப் பெறும் என்று தோமஸ் எடிசன் 1913 இலேயே சொல்லிவைத்தார். பின்னர் வானொலியைப் பற்றியும் தொலைக்காட்சியைப் பற்றியும் அதே வாக்குறுதி. ஒவ்வொரு பொறிக்கும் ஒரே சுழற்சி நேர்வதைக் கியூபன் எடுத்துக் காட்டுகின்றார்: முதலில் ஆரவாரம், அடுத்து ஆராய்ச்சியாளரின் சான்றிதழ், பின்னர் பொறி அதிகம் பயன்படவில்லை என்ற ஏமாற்றம், ஈற்றில் ஆசிரியர் மேற் பழி. இந்த ஈற்றுப் படியை எழுதும்போது அவருடைய எழுதுகோல் சூடேறுகின்றது. முப்பது நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் வைத்து, ஒழுங்கு குலையாது, குறித்த பாடத்திட்டத்தைக் குறித்த காலத்தில் முடிக்க வேண்டிய ஒருவர், எந்தக் கருவி தமக்கு உடனே கைகொடுக்கும் என்று பார்த்தே தெரிவு செய்வார். கரும்பலகை மின்சாரம் கேட்பதில்லை. பாடப்புத்தகம் பழுதுபார்ப்பவரை எதிர்பார்ப்பதில்லை. நடுவழியிற் பாடத்தை மாற்ற நினைத்தாலும் இரண்டும் இடங்கொடுக்கும். சலனப்படமோ, வேண்டிய நாளில் வேண்டிய படம் கிடையாது. படம் கிடைத்தாற் பொறி வேறோர் அறையில் இருக்கும். எனவே ஆசிரியர் பொறியை ஒதுக்கியது அறியாமையாலன்று, அறிவாலேயே என்பது நூலின் முடிபு. ஆசிரியத் தொழிலைச் செய்யாதவர் எழுதிய அறிக்கைகளையே காலமெல்லாம் வாசித்து வந்த எம்மனோர்க்கு இது பெரும் ஆறுதல்.

ஆறுதல் தருகின்றது என்பதற்காகக் குறைகளைச் சொல்லாதொழிதல் திறனாய்வாகாது. நூலின் தொடக்கத்தில் ஓர் ஒளிப்படம் பேசப்படுகின்றது. 1927 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், விமானத்தினுள்ளே நடைபெறும் புவியியற் பாடம். பிள்ளைகள் வரிசையாக மேசைகளில் அமர்ந்திருக்க, ஆசிரியை உலக உருண்டையோடு முன்னே நிற்கின்றார். விமானத்திலும் வகுப்பறை மாறவில்லை என்பது இதிற் கியூபன் காணும் பொருள். படம் பிடிப்பதற்கென்றே அவ்வாறு அமர்த்தப்பட்டிருத்தல் கூடும் என்ற ஐயம் எமக்கு உண்டு. ஒளிப்படத்துக்கு நிற்கும்போது எந்த வகுப்புத்தான் வரிசையாக நில்லாது? இதனினும் பெரிய குறை, பொறியின் பயனை அது வாரத்தில் எத்தனை முறை இயக்கப்பட்டது என்பதைக் கொண்டே அவர் பெரும்பாலும் அளத்தல். ஒரு தவணையில் ஒரே ஒருமுறை உருப்பெருக்கியின் ஊடாக வெங்காயச் சவ்வின் கலங்களைப் பார்த்த மாணாக்கி அதனைத் தன் வாழ்நாளில் மறவாள். எண்ணிக்கைக் கணக்கில் அவ்வாசிரியர் பொறியைப் பயன்படுத்தாதவர் பட்டியலில் விழுவார்.

மூன்றாவது குறையே முதன்மையானது. ஆசிரியர் ஏன் ஒதுக்கினார் என்று விளக்கிய கியூபன், அவருக்கு என்ன கொடுத்திருந்தால் ஏற்றிருப்பார் என்பதை ஆராயவில்லை. அதற்கு வேண்டிய சான்று அவர் நூலிலேயே கிடக்கின்றது. அது அமெரிக்க சமோவாவின் கதை. பசிபிக் சமுத்திரத்திலுள்ள அச்சிறு தீவுகளின் ஆளுநராயிருந்த றெக்ஸ் லீ, பாடசாலைகளை விரைவில் உயர்த்த விரும்பித் தொலைக்காட்சியைத் தெரிந்தார். 1964 இல் ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. ஆறு அலைவரிசைகள், அலாவா மலையுச்சியிலே ஒலி ஒளி பரப்பும் கோபுரம், அதற்கு ஏறிச்செல்லக் கம்பிவட வண்டி. 1966 இல் ஜனாதிபதி ஜோன்சனும் வந்து கண்டு மகிழ்ந்தார். பெருநிலத்திலிருந்து வந்த ஆசிரியர்கள் கலையகத்திற் பாடம் நடத்தினர். வகுப்பறையில் நின்ற சமோவர், தொலைக்காட்சியை இயக்கி, அது ஓய்ந்ததும் அனுப்பப்பட்ட குறிப்பின்படி பயிற்சி கொடுக்கும் உதவியாளர் ஆயினர். எழுபதுகளில் ஆசிரியரிடத்தும் மேல்வகுப்பு மாணாக்கரிடத்தும் மனக்குறை வளர்ந்தது. ஒளிபரப்புப் பாடங்கள் படிப்படியாகச் சுருங்கின. இங்கே பொறி கைக்கெட்டாமற் போகவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தது. கைநழுவியது பாடத்தின் மேல் ஆசிரியருக்கு இருந்த உரிமை. வசதியின்மையே காரணம் என்னும் கியூபனின் விளக்கம் இவ்விடத்திற் போதாமற் போகின்றது.

பப்பேட்டின் கனவு பரந்த அளவிற் சோதிக்கப்பட்டது எமது நூற்றாண்டிலேதான். பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்னும் இயக்கத்தை 2005 இல் நிக்கலஸ் நெக்ரபொன்ரி அறிவித்தார். அதன் வேர் பப்பேட்டின் சிந்தனையே. பெரு நாடு எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளை வாங்கியது. அந்நாட்டுக் கிராமப்புறங்களில் 319 பாடசாலைகளை ஆராய்ந்து 2012 இல் வெளியான அறிக்கை, மாணாக்கர் ஒருவருக்கு 0.12 ஆக இருந்த கணினி விகிதம் 1.18 ஆக உயர்ந்தும், கணிதத்திலும் மொழியிலும் பேறுகள் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றது. பொதுவான அறிதிறனிற் சிறிது முன்னேற்றம் காணப்பட்டதையும் அது மறைக்கவில்லை. மரம் வந்து குவிந்தது. தச்சர் தனித்து விடப்பட்டனர்.

உருகுவே நாடும் 2007 இல் இதே வழியைத் தொடங்கி, 2009 இல் அரசாங்க ஆரம்ப பாடசாலைகளின் பிள்ளைகள் அனைவருக்கும் மடிக்கணினி வழங்கிற்று. கணினி கொடுத்ததனால் மட்டும் கணிதமும் வாசிப்பும் உயரவில்லை என்பதே அங்கும் ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. ஆனால் உருகுவே அங்கே நின்றுவிடவில்லை. ஆங்கில ஆசிரியர் போதாத குறையைத் தீர்க்க 2012 இல் அது ஒரு முறையைக் கைக்கொண்டது. வாரத்தில் ஒருமுறை, தொலைவிலுள்ள ஆங்கில ஆசிரியர் ஒருவர் திரையிலே தோன்றிப் பாடம் நடத்துவார். எஞ்சிய பாடங்களை வகுப்பாசிரியரே நடத்துவார். அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருத்தல் வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளோடு தாமும் கற்பார். இருவரும் வாராவாரம் தொடர்புகொண்டு அடுத்த பாடத்தைத் திட்டமிடுவர்.

சமோவாவிலும் திரை, இங்கும் திரை. அங்கும் அயலார் குரல், இங்கும் அயலார் குரல். ஒரு வேறுபாடு எல்லாவற்றையும் மாற்றுகின்றது: உருகுவேயின் திரைக்கு வகுப்பாசிரியர் மறுமொழி கூறலாம். இந்தப் பிள்ளைக்கு இது விளங்கவில்லை, அடுத்த வாரம் மெதுவாகச் செல்க என்று சொல்லலாம். ஆசிரியருக்கு உதவி என்று நாம் பேசுவது இதனையே. பொறி வழங்கும் வைபவமும், மூன்று நாட் பயிற்சியும், அதன் ஈற்றிற் கொடுக்கப்படும் சான்றிதழும் உதவியாகா. நேரசூசியில் அதற்கென ஒதுக்கிய பாடவேளை, கூப்பிட்டால் வரும் பழுதுபார்ப்பவர், செய்து பார்த்ததைப் பேசிக்கொள்ள ஒரு சக ஆசிரியர், பொருந்தாத இடத்தில் பொறியை மூடிவைக்கும் உரிமை ஆகியவையே உதவி. 2020 இல் எமது நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர் பலர் வாட்ஸ்அப் வாயிலாகப் பாடக் குறிப்புகளை அனுப்பினர். எவரும் அவர்களைப் பயிற்றவில்லை. தேவையும் உரிமையும் ஒருங்கே தம் கையில் இருந்தமையால் அதனைச் செய்தனர். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளைத் தேடி அச்சிட்ட தாளோடு சென்றவர்களும் அவர்களுள் உளர். எந்தக் கருவி எங்கே செல்லாது என்பதை முதலில் அறிந்தவர்களும் அவர்களே. 2022 இல் சாட்ஜிபிடி வெளிவந்தபின் எடிசனின் பழைய வாக்குறுதி புதிய பெயரோடு உலாவுகின்றது. கியூபன் வரைந்த சுழற்சியின் முதற்படியை இளம் ஆசிரியர்கள் இப்பொழுது நேரிற் காணலாம்.

கியூபன் தம் கொள்கையைக் கல்லில் எழுதிவைத்தவரல்லர். சிலிக்கன் பள்ளத்தாக்கிற் பொறிகளைத் திறம்படக் கையாள்பவர் என்று பெயரெடுத்த 41 ஆசிரியரின் வகுப்புகளைப் பார்த்து, 2018 இல் வேறொரு நூல் எழுதினார். அவர்களிடத்திற் கணினி, கடுதாசியும் பென்சிலும் போலப் பேச்சுக்கு இடமில்லாத அன்றாடப் பொருளாகிவிட்டது என்று ஒப்புக்கொள்கின்றார். ஆயினும் பாடத்தின் அடிப்படை அமைப்பு மாறவில்லை என்று மீண்டும் பழைய பல்லவிக்கே வருகின்றார். மாறாதது எல்லாம் குறையா என்று அவரிடம் கேட்கத் தோன்றுகின்றது. தேர்ந்த ஆசிரியர் வைத்திருக்கும் அமைப்பு, மாற்றத்தகாதது என்று அவர் கண்டு வைத்ததாகவும் இருக்கலாம். அவ்வாசிரியருக்குப் பாடசாலையும் மாவட்டமும் அளித்த துணைகளையும் நூல் சொல்கின்றது. ஆனால் அத்துணைகளுள் எது இல்லையாயின் ஏனையவை பயன்படா என்ற வினாவை அது எழுப்பவேயில்லை. 1986 ஆம் ஆண்டு நூலை முடித்துவிட்டு இதனைக் கையிலெடுக்கும் ஆசிரியர் முதலிலே தேடுவது அதனைத்தான்.