தோட்டமும் தஞ்சமும்

தோட்டம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கோத்தா திங்கித் தமிழருக்கு நினைவில் வருவது மலர்ச்சோலையன்று. விடியற்காலைப் பிரட்டும், லயமும், அன்று பால்வாளியும், இன்று செம்பனைக் குலையுமே. கிறித்துவ இலக்கியத்திலோ அதே சொல் ஆன்மாவின் தஞ்சத்தைக் குறித்து நிற்கின்றது. இவ்விரு பொருளும் ஒன்றையொன்று சந்திக்குமா என்பதே ஈண்டு நமது ஆராய்ச்சி.

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, நாட்டுப் படலத்திலேயே யூதேயாவைத் தமிழ் மருதநிலமாக்கிக் காட்டுகின்றது. அஃது உண்மைக்குப் புறம்பெனச் சிலர் குறை கூறலாம். எனினும், அயல்நாட்டுக் கதையினுள் தமிழன் கூசாது புகுதற்கு அச்சோலையே வாயிலாயிற்று.

ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி, எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். பனியனின் மூலத்தில், பயண முடிவையொட்டி அரசனுடைய தோட்டங்கள் வழிப்போக்கர்க்குத் திறந்து கிடக்கின்றன. பன்னிரண்டாண்டு சிறையிருந்த ஆசிரியர்க்கு அத்திறந்த கதவின் அருமை தெரியாதா?

நிற்க. இவ்வுருவகத்தில் ஓர் இடர் உண்டு. "சோலை முடிவில் வரும், இன்று பொறுத்திரு" என்று உழைப்பாளியைத் தாலாட்டவும் இது பயன்படும். அங்ஙனம் பயன்படுத்துவோர் விவிலியத்தையே செவ்வனே படித்திலர் என்போம். ஏதேனில் மனிதன் வைக்கப்பட்டது உறங்குதற்கன்று. அதனைப் பண்படுத்தவும் காக்கவுமே. கெத்செமனே என்பதன் பொருள் எண்ணெய் ஆலை. செம்பனை ஆலையருகே வாழ்வோர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? அங்கே இயேசு துயருற்றார், உடனிருந்தவரோ உறங்கினர். கல்லறையும் ஒரு தோட்டத்திலேயே இருந்ததென யோவான் உரைக்கின்றார். உயிர்த்தெழுந்தவரை மகதலேனா மரியாள் கண்டபோது, தோட்டக்காரரென்றே எண்ணினாள். அவள் எண்ணியது பிழைதான். ஆயினும் சுவிசேஷகர் அதனை மறைக்கவில்லை. அரசராகவோ குருவாகவோ அன்றி, மண்ணில் உழைப்பவராக அவரை நினைத்தல் இழிவென அவர் கருதவில்லை போலும்.

ஆகவே, தஞ்சமாவது உழைப்பினின்று ஓடி ஒளியும் இடமன்று. உழைப்பவன் பெயர் சொல்லி அழைக்கப்படும் இடம். மரியாளும் தன் பெயர் கேட்டே அவரை அறிந்தாள். பிரட்டிலும் பெயர் கூப்பிடுகின்றனர், அது கணக்கிற்காக. கணக்கிற்காகவன்றி அன்பிற்காகப் பெயர் அழைக்கப்படும் தோட்டத்தை நம் கவிஞர் இனியேனும் பாடுவாராக.